ஐந்து கோடைச் சிமெண்டு

ஐப்பசி மழை விட்டு இரண்டு நாளாக வானம் வெறித்திருந்தது. வெள்ளைச்சாமி கொத்தனார் மடத்துக்கு வந்து செண்பகத்தம்மா முன்னால் உட்கார்ந்தார். அவருக்கு அறுபத்திரண்டு வயது, அம்மாவுக்கு நாற்பதுதான். ஆனாலும் பதினோரு வருஷமாக அந்த அம்மாதான் குரு, இவர்தான் சீடர். ஊரில் நாலு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

"தாயி, வீட்டுத் தென்சுவர் வெளியே தள்ளிக்கிட்டு நிக்குது. விரிசலை வருஷா வருஷம் அடைச்சுக்கிட்டுத்தான் வாரேன். பெறகும் ஏன் சாயுது?"

"எப்ப அடைப்பீங்க?"

"சித்திரையில. மண்ணு காஞ்சு, விரிசல் நல்லா வாயைத் தெறந்து கெடக்கும்ல, அப்ப."

"எதை வச்சு?"

"சிமெண்டுதான். கல்லு மாதிரி இறுக அடைப்பேன்."

அம்மா எழுந்து செருப்பை மாட்டினார். "வாங்க, பாப்போம்."

கரிசல் மண்ணோடு குடித்தனம் நடத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. கோடையில் சுருங்கிப் பிளந்துவிடும், கன்றுக்குட்டியின் கால் உள்ளே போகும். மழை விழுந்தால் ஊதிப் பெருத்து மேலே இருக்கிற வீட்டையே தூக்கும். ஆறடி ஏழடிக்கு வானம் என்கிற கடைக்கால் குழி தோண்டித்தான் அஸ்திவாரம் போட வேண்டும். ஊருக்கெல்லாம் அப்படிக் கட்டிக் கொடுத்த மனுஷன், சொந்த வீட்டுக்குத் தோண்டும்போது மூன்றடியில் சுக்கான் கல் தட்டுப்பட்டதும், கெட்டித் தரை வந்தாச்சு, போதும் என்று நிறுத்திவிட்டார்.

மகன் கதிரேசன் டிப்ளமா படித்தவன். "இது மெல்லிசுத் தட்டுப்பா, கீழே மறுபடியும் கரிசல்தான். இன்னும் தோண்டணும்" என்று சித்தாள்கள் முன்னால் சொல்லிவிட்டான். அவ்வளவுதான். "எனக்கே பாடம் எடுக்குறியா? வெளியே போடா" என்றார். அவன் போய்விட்டான், ஓசூர்ப் பக்கம்.

முதல் கோடையிலேயே சுவர் விரிசல் விட்டது. அக்கம்பக்கம் பார்க்குமுன் அடைத்துப் பூசினார். ஐந்து கோடை அப்படியே போயிற்று. போன மாதம் அவர் மனைவி முத்தக்கா, சுவருக்குப் பயந்து தம்பி வீட்டுக்குப் போனாள். மகன் வந்து கூப்பிட்டால்தான் இந்த வாசலில் கால் வைப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். கொத்தனார் இப்போது தானே பொங்கித் தானே தின்கிறார்.

சுவருக்குச் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்திருந்தது. அம்மா சுற்றி வந்து பார்த்தார்.

"உளியும் சுத்தியலும் எடுங்க. அடைச்சதையெல்லாம் வெளியே எடுங்க."

"நான் அடைச்சதை நானே உடைக்கவா?"

அம்மா திண்டு மாதிரி கிடந்த ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

கொத்தனார் உளியை வைத்தார். சிமெண்டு சாமானியத்தில் வரவில்லை. நல்ல வேலைக்காரன் போட்ட கலவை, எப்படி வரும்? பழசு கறுத்திருந்தது, புதுசு வெளுத்திருந்தது. மத்தியானம் வரை தட்டித் தட்டி எடுத்தார்.

"மழையில மண்ணு ஊதுறப்ப விரிசல் தானா மூடிக்கும். இல்லையா கொத்தனாரே?"

"மூடிக்கும்."

"எங்க மூடும்? எடத்தைத்தான் நீங்க அடைச்சிட்டீங்களே. ஊதுற மண்ணு சுவரைத்தானே வெளியே தள்ளும்?"

அவர் கை நின்றது. இது அவருக்குத் தெரியாத விஷயமில்லை. அடுத்தவன் வீடாக இருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

"போன வருஷம் இதே மழையில கதிரேசன் வந்தானாமே?"

"வந்தான்."

"என்ன பேசுனீங்க?"

கொத்தனார் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"வாசல்ல நின்னுக்கிட்டு, 'எப்படிப்பா இருக்கீங்க'ன்னு கேட்டான். நான், 'வீட்டைச் சுத்திப் பாரு, எங்கயாவது ஒரு விரிசல் காட்டு பாப்போம்'னேன்."

"காட்டினானா?"

"இல்ல. சுத்திப் பாத்தான். 'நல்லா இருக்குப்பா'ன்னான். தண்ணிகூடக் குடிக்காம பஸ் ஏறிட்டான்."

சொல்லி முடிக்கும் முன்பே அழுகை வந்துவிட்டது. பெற்ற பிள்ளையை வாசலோடு அனுப்பிய வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. சிமெண்டுத் தூசியோடு கண்ணைத் துடைத்தார். அம்மா, அழட்டும் என்று விட்டுவிட்டார்.

"இனிமே வருவானா தாயி?"

"தெரியாது."

"சுவராவது நேராகுமா?"

"ஆகாது. பிரிச்சுத்தான் எடுக்கணும். உங்களுக்கே தெரியும்."

கொத்தனார் உளியைக் கீழே போட்டார். கையில் கொப்புளம் கண்டிருந்தது.

"பெறகு எதுக்கு என்னை இவ்வளவு நேரம் உடைக்க வச்சீங்க?"

"கதிரேசன் வந்தா விரிசலைக் காட்டணும்ல."