பெயர்க்கல்லுக்கு ஏற்ற சுவர்

பழைய கட்டடங்களைப் பாழாக்குவது மழையும் ஆலஞ்செடியும்தான் என்று பலர் நம்புகிறார்கள். பாடநூல்களிலிருந்தே நீக்கப்பட வேண்டிய பெரும்பிழை இது. அந்த வேலையைப் பெரும்பாலும் செய்பவர்கள் நகராட்சித் தலைவர்களின் மைத்துனர்கள்.

வேம்பாற்றூர் நகர மண்டபத்தைப் பழமை மாறாமல் செப்பனிட ஷர்மிளா என்ற இளம் கட்டடக் கலைஞர் வந்திருந்தார். அதுதான் அவருடைய முதல் வேலை. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பையே பூச வேண்டும், சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே சிக்கிப் பூச்சு உதிரும் என்றார். கவுன்சிலர்கள் சூழ நின்றிருந்த தலைவர் அரங்கசாமி சிரித்தார். அவருடைய மைத்துனருக்குச் சிமெண்ட் கடை இருந்தது.

"ஏம்மா, சுண்ணாம்பு வெத்தலைக்குத் தடவுறது. சிமெண்ட்டுதான் நூறு வருஷம் நிக்கும். நாளைக்கே பூசு, இல்லேன்னா ஊருக்குக் கிளம்பு."

"சரிங்க ஐயா. திறப்பு விழாவுக்கு உங்க பேர் வெட்டின கல்லு வந்திருக்கு. போன வருஷம் உங்க மச்சான் சிமெண்ட் பூசின மேற்குச் சுவத்துலயே பதிச்சிடட்டுமா?"

தலைவர் பதறினார். "அதுலயா? அது பொலபொலன்னு கொட்டுதே! என் பேரு மண்ணுல விழவா?"

கவுன்சிலர்கள் மேற்கூரையைப் பார்த்தார்கள்.

"அப்போ எதுலங்க ஐயா?"

"முன்பக்கத்துப் பழைய சுவத்துல பதிம்மா. அதுதான் அசையாது."

"அதுல சிமெண்ட் பூசின பிறகா, பூசாமலா?"

தலைவர் வெகுநேரம் மீசையைத் தடவினார். "சுண்ணாம்பே இருக்கட்டும்."

மறுநாள் மைத்துனர் கடையில் சிமெண்ட் மூட்டைக்குத் தள்ளுபடி அறிவித்தார்கள்.