சடையாண்டியின் ஆயிரம் கோணிகள்

மலைநாட்டு ராஜாகூட உப்பைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்ட காலம் அது. கடற்கரையில் விளைந்த உப்பு, கழுதை முதுகில் ஏறித்தான் மலைக்குப் போக வேண்டும். அந்தக் காலத்தில் சணப்பூரில் சடையாண்டி என்றொரு கோணி வியாபாரி இருந்தான். அவன் கதையைத்தான் சொல்லப் போகிறேன். கொட்டாவி விடுகிறவர்கள் இப்போதே விட்டுக்கொள்ளுங்கள்.

சடையாண்டி சணல் கோணிகளை நெய்ய வைத்து, பெரிய வணிகர்களுக்கு மொத்தமாக விற்பவன். சரக்கில் ஒரு குறையும் கிடையாது. குறையெல்லாம் அவன் வாயில்தான். திறந்தால் மூடாது.

அந்த வருஷம் ஆசைப்பட்டு ஆயிரம் கோணிகளை நெய்ய வைத்துவிட்டான். அவன் கொட்டகையோ ஒழுகும் கொட்டகை. இன்னும் ஒரு மாதத்தில் மழை வந்துவிடும். நனைந்தால் அத்தனையும் பூஞ்சை பிடித்துப் போகும். கூலிக்கு நெய்து கொடுத்த பன்னிரண்டு வீட்டுக்கும் காசு போகாது, அடுப்பு எரியாது. ஆயிரத்தையும் மொத்தமாக எடுக்கக்கூடிய ஆள் ஒருத்திதான் இருந்தாள். அவள், முந்நூறு கழுதைகள் வைத்து உப்பு வணிகம் செய்த குப்பாயி ஆத்தா.

முதல் தடவை போனான். உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டான்.

"ஆத்தா, என் கோணி கனத்தைப் பாருங்க! கரட்டு நாரு! தடவிப் பாருங்க, கை கிழியும், கோணி கிழியாது! எங்க பாட்டன் காலத்துலேர்ந்து இதே நெசவு!"

பொழுது சாயும்வரை பேசினான். "பார்க்கலாம்பா" என்றாள் குப்பாயி.

குரல் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். இரண்டாம் தடவை போய், அதே கனம், அதே கரடு, அதே பாட்டன் என்று இன்னும் உரக்கச் சொன்னான். நடுவில் குப்பாயி மூன்று முறை வாயைத் திறந்தாள். மூன்று முறையும் இவன்தான் பேசினான். கடைசியில் "பார்க்கலாம்பா" என்றாள்.

தனக்கு என்ன வேண்டும் என்று அவளே சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? சொல்ல இடம் விட்டால்தானே ஐயா!

மூன்றாம் தடவை போவதற்கு முன் வீட்டு வாசலில் நின்று மூன்று நாள் பேசிப் பழகினான். நான்காம் நாள் காலையில் தொண்டை கட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது. அவன் மனைவி பொன்னாத்தா கஷாயம் வைத்துக் கொடுத்தபடி, "நீங்க பேசினது போதும்னு உங்க தொண்டைக்கே தோணிருச்சு" என்றாள். கஷாயத்தை மடக்கென்று குடித்தான்.

மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. அதனால் ஊமையாகவே போனான். குப்பாயி எதிரில் நின்று தொண்டையைத் தொட்டுக் காட்டினான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். ஒரு கழுதையின் முதுகில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவினாள்.

சடையாண்டி சும்மா குந்தியிருந்தான். பேச்சு இல்லாததால் பார்க்க நேரம் கிடைத்தது. அந்தக் கழுதையின் முதுகு முழுக்கச் சிவந்த புண். பக்கத்துக் கழுதைக்கும் புண். அதற்கடுத்ததற்கும் புண். கையை விரித்து, என்ன இது என்று ஜாடையில் கேட்டான்.

குப்பாயி முதல் முறையாக மனம் விட்டுப் பேசினாள்.

"உப்பு கசிஞ்சு உப்புத்தண்ணி முதுகுல இறங்குது. மேல கரட்டுக் கோணி கெடந்து உரசுது. பாதி மலையில படுத்துக்குதுங்க. போன மாசம் வள்ளின்னு ஒண்ணு எழுந்திருக்கவே இல்ல. என் மடியிலதான் உசிரு போச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கை கிழியும்னு நீ பெருமையா சொன்ன கோணியை நான் எப்படிப்பா இதுங்க முதுகுல ஏத்துவேன்?"

சடையாண்டிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இரண்டு தடவையும் தானே தன் சரக்கை விற்கவிடாமல் செய்திருக்கிறோம் என்று புரிந்தது.

குப்பாயி அவனையே பார்த்தாள். "மழைக்கு முன்னால எனக்கும் உப்பை ஏத்தியாகணும். உன் கோணி இதுங்களைப் புண்ணாக்காதுன்னு ஒரு வார்த்தை ஜாடையில சொல்லு. ஆயிரத்தையும் இப்பவே எடுத்துக்கறேன்."

பன்னிரண்டு அடுப்பும் கண்முன் வந்து போயின. ஆனாலும் இல்லை, புண்ணாக்கும் என்று கையை ஆட்டிக் காட்டினான். அவன் வாழ்நாளில் பேசிய மிகச் சின்ன வியாபாரப் பேச்சு அதுதான். பிறகு பத்து விரலையும் விரித்து, பத்து நாள் தவணை கேட்டான்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு கோணியில் ஈர உப்பை நிரப்பி, சட்டையில்லாத தன் முதுகிலேயே ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றினான். கிணற்றடி வருவதற்குள் முதுகு எரிந்தது. மறுநாள் அடியில் வைக்கோல் வைத்துத் தைத்துச் சுமந்தான். அரித்துப் பிடுங்கியது. அதற்கு மறுநாள் பழைய வேட்டியை வைத்துத் தைத்தான். உப்புத்தண்ணீர் ஊறி இறங்கியது. ஊரே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. கடைசியில் பொன்னாத்தா சொன்னபடி தண்ணீர் இறங்காமல் உள்ளே தாழம்பாயும், முதுகில் படுகிற பக்கம் பழைய வேட்டியுமாக வைத்துத் தைத்தான். மலையடிவாரம்வரை நடந்து திரும்பினான். முதுகு சுகமாக இருந்தது. பன்னிரண்டு வீடும் இரவு பகலாக உட்கார்ந்து எல்லாக் கோணிகளையும் அப்படியே தைத்தன.

பத்தாம் நாள் குப்பாயி முன் போய் நின்றான். இதற்குள் குரல் திரும்பிவிட்டது. அவள் காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக, "சொல்லு, கோணி எப்படி?" என்றாள்.

சடையாண்டி வாயைத் திறக்கவில்லை. திரும்பி நின்று முதுகைக் காட்டினான். அதில் ஆறிக்கொண்டிருந்த புண்களைக் குப்பாயி விரலால் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் அவன் கொண்டுவந்த கோணியில் வேட்டி வைத்துத் தைத்த பக்கத்தைத் தடவினாள்.

"ஆயிரத்தையும் இறக்குப்பா" என்றாள்.

உப்போடு கோணிகள் மலை போய்ச் சேர்ந்த மறுநாள் மழை கொட்டியது. கொட்டகை ஒழுகத்தான் ஒழுகியது, உள்ளே நனைய ஒரு கோணியும் இல்லை. அதன் பிறகு சடையாண்டி எந்த வணிகரிடம் போனாலும் முதலில் கேட்பது, "உங்க கழுதைங்க எப்படி இருக்கு?" என்பதுதான். கழுதையே இல்லாதவர்களிடமும் பழக்கதோஷத்தில் அப்படியே கேட்டான். அவர்களும் சிரித்துக்கொண்டே தங்கள் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஆகவே கேட்டவர்களே, விற்கப் போகிறவர் தன் சரக்கின் பெருமையைச் சொல்லும் முன், வாங்குகிறவருக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.