யாளி மதகு

முன்னொரு காலத்தில், ஏரிக்கு ஒரு ராஜா இருந்த காலத்தில், மருதக்கோன் என்று ஒருவன் ஆண்டான். அவன் ஏரிக்கு மாய மதகு. மதகில் ஒரு கல் யாளி. ராஜா சொன்னால்தான் அது வாயைத் திறக்கும், தண்ணீர் வெளியே போகும். ராஜாவுக்கு முடியாமல் போனால்? புத்தி தெளிவாக இருக்கும்போதே யாளி முன்னால் அவன் கை காட்டி வைத்த ஆள் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

பொங்கலன்று அக்கா செண்பகவல்லி கேட்டாள். "தம்பி, யாரையாவது கை காட்டி வைடா."

"நல்ல நாளும் அதுவுமா என்னக்கா பேச்சு இது?"

அவன் கல்யாணத்தன்று கேட்டாள். "நல்ல நாளும் அதுவுமா!"

பிள்ளைக்குப் பேர் வைத்த அன்றும் கேட்டாள். "நல்ல நாளும் அதுவுமா! அக்காவுக்குச் சிம்மாசன ஆசை வந்துடுச்சு டோய்!"

சபையே சிரித்தது. ரோஷத்தில் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஐப்பசியில் மருதக்கோன் கீழ்க்காட்டுக்கு வேட்டைக்குப் போனான். அங்கே சூனியக்காரியின் மறதிச் சுனையில் தண்ணீர் குடித்துவிட்டான். திரும்பி வந்து கூழாங்கல் அடுக்கி விளையாடினான். "நீங்க யாரு?" என்று அக்காவையே கேட்டான்.

மூன்று நாள் மழை. ஏரி தளும்பியது. செண்பகவல்லி மதகுக்கு ஓடினாள்.

"யாளியே, திற!"

"நீ யார்?"

"கூடப் பிறந்தவள்."

"அது போதாது. கை காட்டினானா?"

தம்பியை இழுத்து வந்தாள். அவன் சிரித்துக்கொண்டே அவளைக் காட்டினான்.

"தெளிவில்லாத கை. செல்லாது."

மதகுக் காவலாள் சடையன் கடப்பாரையைத் தூக்கினான். "நீங்க கீழ்த்தெரு சனத்தைக் கிளப்புங்கம்மா. நான் இந்தக் கல்லுமூஞ்சியைப் பேர்த்துப் பார்க்கிறேன்."

கீழ்த்தெரு தப்பியது. கரை உடைந்தது. சடையனை வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

வெள்ளம் காட்டுக்குள் பாய்ந்து மறதிச் சுனையை மண் மூடிப் போட்டது. சூனியம் அறுந்தது.

"அக்கா!" என்று அலறினான் மருதக்கோன். சேற்றில் விழுந்து எழுந்து யாளியிடம் ஓடினான். "எனக்கு முடியலைன்னா, இவ சொல்தான் என் சொல்! இப்ப திற!"

யாளி தலையாட்டிவிட்டு வாயைத் திறந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. ஏரியே காலி.

பிறகு கரை கட்டினார்கள், ஏரி நிறைந்தது, ஊர் விளைந்தது. "உயிர் காத்த தாயே!" என்று கீழ்த்தெருவே செண்பகவல்லியைக் கும்பிட்டது. அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மதகடியில் குத்திட்டு நின்ற கடப்பாரையைத்தான் பார்த்தாள்.

"நாலாவது தடவையும் கேட்டிருக்கணும்டா தம்பி," என்றாள்.