மனசு வரவில்லை என்று சொல்லப் போனவள்

“மாஸ்டர், காலையில எழுந்து ஓட மனசே வரமாட்டேங்குதுங்க” என்றாள் பூங்கோதை.

மாஸ்டர் பள்ளிக்கூட மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“குளிருதுங்களாக்கா?”

“குளிராம? புல்லெல்லாம் உப்பைக் கொட்டின மாதிரி வெள்ளையாக் கிடக்குது. குழாயைத் திறந்தா தண்ணி வரமாட்டேங்குது, உறைஞ்சு நிக்குது. அந்த நேரத்துல கம்பளியை விட்டு வெளிய வர்றதுக்கு ஒரு காரணம் வேணுமில்லைங்களா?”

“வேணுங்க்கா.”

“அதைச் சொல்லுங்க.”

மாஸ்டர் கோட்டின் கடைசிவரை போனார். முடித்துவிட்டு இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார்.

“மனசு வரலைன்னா ஓட வேண்டாங்க்கா. ஆனா வரலைன்னு எங்கிட்ட வந்து சொல்லிட்டுப் போயிருங்க.”

“போன்ல சொல்லிடறேன்.”

“எங்க ஊரு ஹட்டியில டவர் சரியா கிடைக்காது. நேர்ல வாங்க.”

ஊட்டியிலிருந்து கொஞ்சம் தள்ளி இருந்த அந்தச் சின்னக் கடைவீதியில் பூங்கோதை மருந்துக்கடை வைத்திருந்தாள். நாற்பதைத் தாண்டியவள். மாஸ்டரின் பெயர் பெள்ளிராஜ். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். மலைப்பாதை ஓட்டங்களில் ஓடியவர். அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அவள் அவரை மாஸ்டர் என்றாள், அவர் அவளை அக்கா என்றார். இரண்டு பேருக்கும் அது சரியாகவே பட்டது.

சித்திரை மாதத்தில் ஒருநாள் மைதானத்து வேலியோரம் நின்று அவள்தான் கேட்டாள், எனக்கும் ஓடச் சொல்லித் தருவீங்களா என்று.

“செருப்போட வேண்டாம், ஷூ வாங்கிட்டு வாங்க” என்று மட்டும் மாஸ்டர் சொன்னார்.

ஏன் ஓட வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

சொல்ல இருந்தது இதுதான். அவள் கணவன் கதிரேசன் இறந்த பின் வந்த முதல் குளிர்காலத்தில், ஒரு நாள் காலை அவள் எழுந்திருக்கவில்லை. மறுநாளும் எழுந்திருக்கவில்லை. கடையின் ஷட்டர் மாசி பிறக்கும்வரை ஏறவில்லை. கோயமுத்தூரில் படிக்கும் மகள் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, தாய்க்குச் சோறு ஊட்டினாள்.

இப்போது மறுபடியும் மார்கழி. குளிர் ஜன்னலில் வந்து நின்றதுமே பூங்கோதைக்கு அது தெரிந்துவிட்டது. போன வருடம் வந்தது வாசல்வரை வந்திருக்கிறது.

அதனால்தான் மாஸ்டரிடம் காரணம் கேட்டாள். அவரோ வந்து சொல்லிவிட்டுப் போ என்கிறார்.

மறுநாள் காலை அவளுக்கு மனசு வரவில்லை. போய்ச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று கோபத்தோடு எழுந்தாள்.

படுகர்கள் தங்கள் ஊரை ஹட்டி என்பார்கள். மாஸ்டரின் ஹட்டி எதிர் மலையின் தலையில் இருந்தது. விடியற்காலையில் பஸ் கிடையாது. தேயிலைச் சரிவில் ஏறி, சோலைக்காட்டுக்குள் புகுந்து, ஓடையைத் தாண்டி, புல்மேட்டைப் பிடிக்க வேண்டும். மாஸ்டர் அவளுக்கு ஓடப் பழக்கிய பாதையே அதுதான்.

நடந்து பார்த்தாள். நடந்தால் குளிர் எலும்பைப் பிடித்தது. ஓடினாள்.

சோலை முடிகிற இடத்தில் ஒரு காட்டெருமை பாதையை மறித்து நின்றது. மூக்கிலிருந்து அதற்கும் புகை வந்தது. அது தன் வேலையை முடித்துக்கொண்டு நகரும்வரை பூங்கோதை நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் வீட்டு முற்றத்தில் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. அவர் அதன் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

“மாஸ்டர், இன்னிக்கு மனசு வரலைங்க.”

“சரிங்க்கா.”

பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். அவள் குடித்தாள்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதாங்க்கா. சொல்லிட்டீங்களே. போயிட்டு வாங்க.”

இறங்கும்போது, சோலைக்குள், பூங்கோதைக்குத் திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சத்தத்துக்கு ஏதோ ஒரு பறவை பயந்து கிளம்பியது.

அதற்குப் பிறகு பெரும்பாலான காலைகளில் அவள் போய்ச் சொன்னாள்.

“மனசு வரலைங்க மாஸ்டர்.”

“சரிங்க்கா.”

சில நாள் டீ இருக்கும். சில நாள் சுட்ட உருளைக்கிழங்கு இருக்கும். சாம்பலைத் தட்டிக் கையில் கொடுப்பார். சூடு பொறுக்காமல் அவள் அதைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டே இறங்குவாள்.

ஒருநாள் பாதி டீயில் சொன்னாள்:

“நீங்க என்னை ஏமாத்தறீங்க மாஸ்டர்.”

“ஆமாங்க்கா.”

“எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“அப்புறமும் வந்திருக்கீங்களே.”

அவள் டீயைக் குடித்து முடித்தாள்.

“சரி, மனசு எப்பத்தாங்க வரும்?”

“வந்தா சொல்லுங்க.”

“அதையும் மலையேறி வந்துதான் சொல்லணுமா?”

“அதுக்குப் போன் போதுங்க்கா.”

இன்னொரு நாள் மகள் அனுப்பிய ஒரு வீடியோவை அவரிடம் காட்டினாள். அதில் ஒருவர் உரத்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். எழுந்திரு, வென்று காட்டு, உன்னால் முடியும். மாஸ்டர் கணப்பை மறந்து கடைசிவரை கேட்டார். நல்ல மாணவன் பாடம் கேட்பதுபோல் இருந்தது.

“நல்லாச் சொல்றாருங்க்கா.”

“ஆமாங்க. கேட்டா ஒரு வேகம் வருது.”

“எங்க உட்கார்ந்து சொல்றாரு?”

பூங்கோதை மறுபடி ஓட்டிப் பார்த்தாள்.

“சோபாவுல.”

மாஸ்டர் கணப்பில் ஒரு விறகைத் தள்ளிவைத்தார்.

பொங்கலுக்கு மகள் வந்தாள். அம்மாவின் கன்னத்தைப் பிடித்துப் பார்த்தாள். நீ நல்லா இருக்கேம்மா என்றாள். பூங்கோதைக்குப் பெருமையாக இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து கடையைத் தூசி தட்டினார்கள், கரும்பு கடித்தார்கள், கதிரேசனின் படத்துக்கு மாலை மாற்றினார்கள். லீவு முடிந்ததும் மகள் பஸ் ஏறினாள்.

அன்று இரவு வீடு ரொம்பப் பெரிதாகிவிட்டது.

விடிந்தபோது அந்த வருடத்திலேயே கொடுமையான பனி இறங்கியிருந்தது. பூங்கோதைக்கு வழக்கமான நேரத்துக்கு முழிப்பு வந்தது. எழுந்திருக்கவில்லை.

வெளிச்சம் வந்தது. வெயில் ஏறித் தகரக் கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டத் தொடங்கியது. கடை திறக்கிற நேரம் நெருங்கியது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

போன வருடமும் இப்படி ஒரே ஒரு காலையில்தான் தொடங்கியது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் படுத்திருந்தாள்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

“அக்கா.”

அவள் கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

“அக்கா, நான்தான்.”

சால்வையைப் போர்த்திக்கொண்டு போய்த் திறந்தாள். மாஸ்டர் நின்றிருந்தார். முழங்கால்வரை ஈரம். புருவத்தில் பனி முத்து முத்தாக நின்றது. மலையிறங்கி ஓடி வந்திருக்கிறார்.

ஏன் வரவில்லை என்று கேட்பார், திட்டுவார், குறைந்தபட்சம் உடம்புக்கு என்ன என்றாவது கேட்பார் என்று எதிர்பார்த்தாள்.

மாஸ்டர் தலைக்குல்லாயைக் கழற்றினார்.

“இன்னிக்கு எனக்கு மனசு வரலைங்க்கா. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

பூங்கோதை அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் விளையாடவில்லை.

“உள்ள வாங்க” என்றாள். “நீங்களா? மனசு வரலையா?”

“தினமுந்தாங்க்கா.”

“நான் வர்றப்ப எல்லாம் கணப்பு எரியுமே. டீ போட்டு வச்சிருப்பீங்களே.”

“நீங்க வர்றீங்களே.”

அவள் சட்டென்று அடுப்படிக்குப் போய்விட்டாள். முகத்தை அவருக்குக் காட்ட வேண்டாம் என்றிருந்தது. பாலை வைத்தாள். இஞ்சி தட்டினாள். தட்டிய பிறகும் தட்டிக்கொண்டிருந்தாள்.

பின்னால் மாஸ்டர் உள்ளேயும் வெளியேயுமாக நடமாடுவது கேட்டது. பிறகு சமையலறை ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார்.

திரும்பாமலே அவள் சொன்னாள்.

“குளிரு இல்லைங்க மாஸ்டர் விஷயம்.”

தட்டிய இஞ்சியைப் பாலில் போட்டாள்.

“எங்க வீட்டுக்காரர் எனக்கு முன்னாடி எழுந்துக்குவாரு. எந்தக் குளிரானாலும் சரி. பச்சைத் தண்ணியில முகம் கழுவிட்டு நேரா வருவாரு. வந்து அந்த ஐஸ் மாதிரி கையை என் கழுத்துல வைப்பாரு. நான் கத்துவேன். வாயில வந்ததெல்லாம் திட்டுவேன். கல்யாணமான நாள்லேர்ந்து ஒரு குளிர்காலம் விடலைங்க, அந்த மனுசன்.”

பால் பொங்கி வந்தது. தணித்தாள்.

“முழிப்பு எனக்கும் முன்னாடியே வந்துரும். ஆனா கண்ணைத் திறக்க மாட்டேன். தூங்கற மாதிரியே கிடப்பேன். கை வரட்டும்னு. அவருக்கு அது தெரியவே தெரியாது.”

கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“இப்பவும் முழிப்பு வருதுங்க மாஸ்டர். கண்ணைத்தான் திறக்க முடியலை. திறந்துட்டா, இனி வராதுன்னு ஆயிருமில்லைங்களா?”

இதை அவள் மகளிடம்கூடச் சொன்னதில்லை. சொல்லிவிட்டு அடுப்பையே பார்த்தபடி நின்றாள்.

“இதுக்கு என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியலைங்க்கா” என்றார் மாஸ்டர்.

பூங்கோதை மூச்சை விட்டாள். கதிரேசன் போனதிலிருந்து எல்லோருக்கும் ஏதாவது தெரிந்திருந்தது. நாத்தனாருக்குத் தெரிந்திருந்தது. டாக்டருக்குத் தெரிந்திருந்தது. கடைக்கு இருமல் மருந்து வாங்க வருகிறவர்களுக்குக்கூடத் தெரிந்திருந்தது. தெரியவில்லை என்று சொன்ன முதல் ஆள் இவர்தான்.

முகத்தைச் சால்வையில் துடைத்துக்கொண்டு டீயோடு திரும்பினாள்.

மாஸ்டர் ஸ்டூலில் முன்பக்கமாகக் குனிந்து, இரண்டு கைகளையும் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உடம்பு நடுங்கியது. உதடு நிறம் மாறியிருந்தது.

“வயித்து வலிங்களா? மாத்திரை எடுத்துத் தரட்டுமா?”

“இல்லைங்க்கா.”

“பின்ன ஏன் இப்படி நடுங்குறீங்க? அடுப்புப் பக்கம் வாங்க.”

“சரியாயிருங்க்கா. டீ குடுங்க.”

ஒரு கையால் வாங்கிக் குடித்தார். இன்னொரு கையை வயிற்றிலிருந்து எடுக்கவில்லை. அவள் இரண்டாவது டம்ளரும் ஊற்றினாள். அதையும் குடித்தார். மெல்ல மெல்ல நடுக்கம் நின்றது.

கடைவீதியில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. தாண்டிப் போன பஸ்ஸை இரண்டு பேரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். அதற்குப் பின்னால் எதிர் மலை, பாதி வெள்ளையும் பாதி பச்சையுமாக நின்றது.

“போலாங்களாக்கா?”

பூங்கோதைக்குப் போக வேண்டாம் என்றுதான் இருந்தது. ஆனால் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. வேறொன்று கிடைத்தது.

“ஷூ வெளிய கிடக்குதுங்க மாஸ்டர். ராத்திரி உள்ள எடுத்து வைக்க மறந்துட்டேன். பனியில கல்லா உறைஞ்சிருக்கும். அதுல எப்படிக் காலை விடறது?”

மாஸ்டர் ஸ்வெட்டரின் ஜிப்பைக் கீழே இறக்கினார்.

உள்ளே, பனியனுக்கு மேல், வயிற்றோடு அணைத்தபடி அவளுடைய இரண்டு ஷூக்களும் இருந்தன. பனியன் முழுவதும் செம்மண்ணும் ஈரமுமாக இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து அவள் முன்னால் தரையில் வைத்தார்.

பூங்கோதை குனிந்து ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

“காலுல போடறதுங்க மாஸ்டர் அது.”

“ஆமாங்க்கா” என்றார் அவர். “லேஸ்தான் இன்னும் காயலை.”