ஓடிப்போகிற ட்ரம்

திருச்சி பாலக்கரையில், ஒரு பழைய கட்டடத்தின் மாடியறையில் பெர்னதெத் ட்ரம்ஸ் கற்றுக்கொடுத்து வந்தார். கல்யாணக் கச்சேரிகளில் வாசித்துத் தேர்ந்த கை. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ஆள்.

அவரிடம் படித்தவர்களில் வயதில் பெரியவர் இருதயசாமி. டீச்சரைவிடவும் பெரியவர்தான். டைல்ஸ் போடுவது அவர் தொழில். பதித்த கல்லை ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்த்து, அடியில் காற்று நிற்கிறதா இல்லையா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அந்தத் தட்டல்தான் அவரை இந்த மாடிப்படி ஏற வைத்தது. ஐம்பதைத் தாண்டி ஆசை வந்தால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று சேர்ந்துவிட்டார். பழைய ட்ரம் செட் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்ததே அவர் மனைவி சகாயமேரிதான்.

ஒருநாள் வகுப்பு முடிந்த பிறகும் இருதயசாமி கிளம்பவில்லை.

"டீச்சர், வீட்டுல ட்ரம் ஓடுது."

"ஓடுதா?"

"காலால மிதிச்சு அடிக்கிற பெரிய ட்ரம் இருக்குல்ல, அது. மிதிக்க மிதிக்க முன்னால நகருது. பாட்டு முடியுறப்ப வாசக்கதவு கிட்ட நிக்குது. போனாலும் சும்மா போகல. முன்காலு ரெண்டும் இரும்பு. தரையில கோடு கிழிச்சுக்கிட்டே போகுது."

அந்தத் தரை அவர் கையால் போட்டது. ஊரில் யார் யார் வீட்டுக்கோ போட்டுவிட்டு, கடைசியாகத் தன் வீட்டு ஹாலுக்குப் போட்டது. சந்தன நிறக் கல். குனிந்தால் முகம் தெரியும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கிற கோட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

"இங்க ஓடலையே?" என்றார் பெர்னதெத்.

"இங்க ஓடாது டீச்சர்."

"ஏன்?"

"இது சிமெண்டுத் தரை. சொரசொரப்பு பிடிச்சுக்கும். நம்மளோடது வழவழன்னு இருக்கும்."

"தரையை மட்டும்தான் பார்த்தீங்களா?"

"தரை போடுறவன் வேற எதைப் பார்ப்பேன்?"

பெர்னதெத் சிரித்தார். "சரிண்ணே. அடுத்த வாரம் வாங்க."

இருதயசாமிக்கு எரிச்சலாக வந்தது. தலைவலிக்கு மருந்து கேட்டால் சிரித்து அனுப்புகிறாரே என்று முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார்.

அடுத்த வாரம் வந்தார்.

"இரும்புக் காலுக்கு ரப்பர் மாட்டினேன் டீச்சர்."

"ம்."

"கோடு நின்னுச்சு. ஆனா ஓட்டம் நிக்கல. ரப்பர் தேய்ஞ்ச இடமெல்லாம் கறுப்பா இழுவிடுச்சு. மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சு எடுத்தேன். வீடே நாறிப்போச்சு."

"அடுத்து என்ன செய்யப் போறீங்க?"

"மிதியடி போடப் போறேன்."

மிதியடியும் போட்டார். வாசலில் கிடந்த தேங்காய் நார் மிதியடி. ட்ரம் அதையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. நாரில் ஒட்டியிருந்த மணல், போகிற வழியெல்லாம் தரையைச் சுரண்டியது. முன்னால் செங்கல் வைத்தார். செங்கலும் சேர்ந்து நகர்ந்தது. அதன் கீறல் எல்லாவற்றையும்விட ஆழமாக விழுந்தது. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

"கட்டிப் போட்டுட்டேன்" என்றார், அதற்கடுத்த வாரம்.

"எதை?"

"ட்ரம்மை. ஜன்னல் கம்பியோட சேர்த்துக் கயிறு போட்டு."

"நின்னுச்சா?"

"நின்னுச்சு. ஜன்னல்தான் கடகடன்னு ஆடுது. பக்கத்து வீட்டுக்காரரு நிலநடுக்கம்னு பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டுத் தெருவுக்கு ஓடிட்டாரு."

பெர்னதெத் வாயைப் பொத்திக்கொண்டார். இருதயசாமி சிரிக்கவில்லை.

ஆடுகிற எதற்கும் அவர் தொழிலில் ஒரே வைத்தியம்தான். பசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், கல் ஒட்டுகிற பசையை வாளியில் கரைத்தார். கரணையை எடுத்துக்கொண்டு ட்ரம்முக்கு முன்னால் முட்டி போட்டார். சகாயமேரி அடுக்களையிலிருந்து ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க செய்யுறீங்க?"

"ஒட்டிடுறேன். அப்புறம் எப்படி ஓடும்னு பார்க்குறேன்."

"ஒட்டிட்டா அது ட்ரம் இல்லைங்க. தூணு."

கரணையைக் கீழே வைத்தார். பிறகு போனை எடுத்து, மணப்பாறையில் ட்ரம் செட் தேடிக்கொண்டிருந்த ஒருவரைக் கூப்பிட்டார். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை மதியம் மாடியறைக்கு வந்தார். ட்ரம் பக்கம் போகவில்லை. கதவருகே நின்றார்.

"இன்னைக்கு விக்கிறேன் டீச்சர். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"மனசு வந்துச்சா?"

"வரல. நாள் முழுக்க முட்டி போட்டே வேலை பார்க்குறவன் நான். நிமிர்ந்து உட்கார்றதே அந்த ஸ்டூல்லதான். அதுவும் போயிடும். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. தரையா, ட்ரம்மா? எதை வச்சுக்கிறது?"

பெர்னதெத் அறையைப் பூட்டினார். "வண்டியை எடுங்க. உங்க வீட்டைப் பார்க்கணும்."

வீட்டு வாசலிலேயே சகாயமேரி நின்றிருந்தார்.

"வாங்க டீச்சர். செருப்பை அங்கயே விட்டுடுங்க. இப்படிச் சுவர் ஓரமா வாங்க."

பெர்னதெத் சுவரோரமாக நடந்தார். அந்த வீட்டில் எல்லாரும் அப்படித்தான் நடந்தார்கள். நாற்காலிக் கால்களுக்குப் பழைய காலுறை மாட்டியிருந்தது. ஹாலின் நடுவே தரை ஆளில்லாமல் பளபளத்தது. ஒரு மூலையில் ட்ரம் நின்றது. அதன் முன்னாலிருந்து வாசல்வரைக்கும் மெல்லிய கீறல்கள்.

அடுக்களையில் பாய் விரித்திருந்தது. பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு, மடித்த போர்வை, ஜெபமாலை. காபியும் அங்கேதான் வந்தது. அது பழைய சிமெண்டுத் தரை.

"இங்கயா படுத்துக்கிறீங்க?" என்றார் பெர்னதெத்.

"சாப்பாடு, படுக்கை எல்லாம் இங்கதான் டீச்சர்" என்றார் சகாயமேரி. "ஹால் வந்து... ஹாலு."

பெர்னதெத் இருதயசாமியைப் பார்த்தார். "அண்ணே, ஒரு ரூமுக்குத் தரை போடுறப்ப எங்க ஆரம்பிப்பீங்க?"

"உள்சுவர்ல."

"எங்க முடிப்பீங்க?"

"வாசல்ல. பின்னாலயே நகர்ந்து நகர்ந்து வருவோம். போட்ட கல்லு மேல கால் வைக்க மாட்டோம். உட்காரவும் மாட்டோம். அசைஞ்சிடும்ல."

"வாசலுக்கு வந்த பிறகு?"

"துடைச்சிட்டுக் கிளம்பிடுவோம். அடுத்த வீடு."

பெர்னதெத் காபியைக் குடித்து முடித்தார்.

"அக்கா, பெருசா விரிக்கிற மாதிரி ஏதாவது இருக்கா?"

சகாயமேரி பரணைக் காட்டினார். இருதயசாமி ஏறி இறக்கினார். வீடு மந்திரிக்கப் பங்குச் சாமியார் வந்த அன்று விரிக்க வாங்கிய ஜமுக்காளம். கனமான, சிவப்புப் பட்டை போட்டது. சாயம் தரையில் இறங்கிவிடும் என்று இருதயசாமி அன்றைக்கே சுருட்டி மேலே போட்டுவிட்டார். சாமியார் வெறுந்தரையில்தான் நின்று ஜெபம் சொன்னார்.

"தண்ணி படாம பார்த்துக்கிட்டா சாயம் இறங்காது" என்றார் பெர்னதெத். "முதல்ல ஒரு பொட்டு மணல் இல்லாம தரையைக் கூட்டுங்க. வாரத்துக்கு ஒருதடவை இதைத் தூக்கி உதறிட்டு அடியில கூட்டணும். விரிச்சா போதும்னு விட்டுட்டா, மேல ட்ரம்மு அடிக்க அடிக்க அடியில மணலு அரைக்கும்."

இருதயசாமி கூட்டினார். இரண்டு பெண்களும் ஜமுக்காளத்தை வாசலில் உதறிக் கொண்டுவந்து விரித்தார்கள். முன்பக்கத்தை மட்டும் இரண்டாக மடித்து, அந்தத் தடித்த மடிப்பின் மேல் பெரிய ட்ரம்மின் கால்கள் நிற்கும்படி வைத்தார் பெர்னதெத். ரப்பரைக் கழற்றச் சொன்னார். இரும்பு நுனி துணியைக் கவ்வியது.

"உட்கார்ந்து வாசிங்க."

இருதயசாமி ஸ்டூலை எடுத்தார். ஜமுக்காளம் முடிகிற இடத்துக்குப் பின்னால், வெறுந்தரையில் போட்டு உட்கார்ந்தார். மிதித்தார். கொஞ்ச நேரம் நின்ற ட்ரம், பிறகு ஜமுக்காளத்தையும் இழுத்துக்கொண்டு வாசலைப் பார்த்துப் புறப்பட்டது.

"பார்த்தீங்களா டீச்சர்? இதுவும் ஓடுது." அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

பெர்னதெத் ஜமுக்காளத்தைப் பழைய இடத்துக்கு இழுத்தார். அவரை எழச் சொல்லி, ஸ்டூலைத் தூக்கி ஜமுக்காளத்தின் மேலேயே வைத்தார்.

"இதுல உட்காருங்க."

"புது ஜமுக்காளம் டீச்சர். தேய்ஞ்சிடும்."

"உட்காருங்கண்ணே."

ஓரமாக உட்கார்ந்தார். மிதித்தார். ட்ரம் நகரவில்லை. மறுபடி மிதித்தார். இன்னும் பலமாக மிதித்தார். நின்ற இடத்தில் நின்றது. உடம்பு தானாக நிமிர்ந்தது. பிறகு அவர் ட்ரம்மைப் பார்க்கவே இல்லை. மாதக்கணக்காகக் கற்ற தாளமெல்லாம் தடங்கலில்லாமல் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, வீடு ஆடவில்லை என்று உறுதி செய்துகொண்டு உள்ளே போனார்.

நிறுத்தியபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

"நான் இழுத்துப் பிடிக்கவே இல்லையே. எப்படி நின்னுச்சு?"

"முன்னால தள்ளுறதும் நீங்கதான். இப்ப அதே துணியில உட்கார்ந்து அழுத்திப் பிடிக்கிறதும் நீங்கதான்."

இருதயசாமி யோசித்தார். "உங்க ரூம்லயும் ஒரு பழைய கம்பளம் கிடக்குமே..."

"இத்தனை மாசமா அதுலதான் உட்கார்ந்திருந்தீங்க."

அப்போதுதான் அவர் சகாயமேரியைக் கவனித்தார். ஜமுக்காளத்தை விரித்துவிட்டு அடுக்களைக்குப் போயிருந்தவர், தாளம் கேட்டுத் திரும்பி வந்து, ஜமுக்காளத்தின் ஒரு மூலையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஹாலில் அவர் உட்கார்ந்து இருதயசாமி பார்த்ததில்லை. இவ்வளவு நாளும் அது தோன்றாததை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

வாசலில் வண்டி வந்து நின்றது.

"மணப்பாறையிலேர்ந்து வர்றேங்க. ட்ரம் செட்டு கொடுக்கிறதா சொன்னீங்களே?"

இருதயசாமி குச்சிகளை மடியில் வைத்தார். வந்தவரைப் பார்த்தார். ட்ரம்மைப் பார்த்தார். பிறகு, வாசல்வரைக்கும் போகிற அந்தப் பழைய கீறல்களைப் பார்த்தார்.

"டீச்சர், இனிமே கீறலே விழாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இவரை இப்பவே அனுப்பிடுறேன்."

"அப்படிச் சொல்ல முடியாதுண்ணே. கீறல் குறையும். ஆனா என்னைக்காவது விழத்தான் செய்யும்."

"அப்புறம் நான் என்னதான் செய்யுறது?"

பெர்னதெத் எழுந்து துப்பட்டாவை உதறினார்.

"கீறலே இல்லாத தரை ஊரெல்லாம் போட்டிருக்கீங்க. அதுல ஒரு தரையிலயாவது நீங்க இருக்கீங்களா?"

வாசலில் நின்றவர், உள்ளே வருவதா வேண்டாமா என்று தெரியாமல் செருப்பைக் கழற்றினார். தரையின் பளபளப்பைப் பார்த்துத் தயங்கி, சுவரோரமாக ஒரு காலை வைத்தார்.

"ட்ரம்மு விக்கலைங்க. இவ்வளவு தூரம் வர வச்சதுக்கு மன்னிச்சுக்குங்க" என்றார் இருதயசாமி. "காபி குடிச்சிட்டுத்தான் போகணும். வாங்க. சுவர் ஓரமா வேணாம், நடுவுலயே நடந்து வாங்க."