மணல் முதலாளி எழுதிய நாவல்

தன் நாவல்களைத் தானே அச்சடித்து விற்றுவந்த செண்பகவல்லி, இந்த முறை வளையலை அடகு வைத்துத்தான் புத்தகம் போட்டிருந்தாள். ஊர்ப் புத்தகத் திருவிழாவுக்குத் தலைவர், ஆற்று மணலில் கோடி சேர்த்த மாசிலாமணி. அவரை எதிர்த்தவர்களின் கடைகள் எரிந்த ஊர் அது.

வெளியீட்டுக்கு முன் மேடைக்குப் பின்னால் அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இதை நான் எழுதினதா சொல்லப்போறேன். அட்டையில உன் பேருக்கு மேல என் பேரை ஒட்டிக் குடு. இல்லேன்னா ஒரு பிரதியும் இங்கேருந்து வெளிய போகாது."

அவருடைய ஆட்கள் வழியை அடைத்து நின்றார்கள். செண்பகவல்லி ஒரு பிரதியை அவரிடம் நீட்டினாள்.

"சரிங்கய்யா. ஆனா ஜனங்க நம்பணுமே. முதல் வரியை நீங்களே மைக்ல வாசிச்சிடுங்க."

புத்தகத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காத அவருக்கு அது பிடித்துப்போயிற்று. மேடையேறி, "இது நான் எழுதின கதை!" என்று அறிவித்துவிட்டுக் கணீரென்று வாசித்தார்: "இந்த ஆற்று மணலை ராத்திரியோடு ராத்திரியாகத் திருடி விற்றவன் நானேதான்."

விருந்தினராக வந்து முன்வரிசையில் இருந்த கலெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இனி உயிர் மிஞ்சுமா என்று செண்பகவல்லி தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, இது நான் எழுதினதில்லை! அந்தம்மா எழுதினது!" என்று மாசிலாமணி மைக்கிலேயே அலறினார்.

அன்றைக்கே அத்தனை பிரதிகளும் விற்றுத் தீர்ந்தன. கடைசிப் பிரதியில் கையெழுத்துப் போட்ட கையோடு செண்பகவல்லி வளையலை மீட்க அடகுக் கடைக்கு நடந்தாள்.