பேச்சித்தாயின் தகட்டில் ஒரு கோடு

"நீங்க எனக்கு எதுவுமே சொல்லிக் குடுக்கறதில்ல மேடம்" என்றார் வைரவன்.

ரெஜினா நிமிரவில்லை.

வைரவனுக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினேழு வருஷம் அதே மருத்துவமனையில் சர்க்கரைப் பரிசோதனை செய்தவர். மூன்று வாரங்களுக்கு முன்தான் ரத்தப் புரதம் பார்க்கும் மேசைக்கு மாற்றினார்கள். அந்த வேலை தெரிந்தவள் ரெஜினா ஒருத்திதான். அவரைவிடப் பதினான்கு வயது இளையவள்.

"தகட்டை எப்படிப் பாக்கணும்னு கேட்டா, 'பாருங்க'ங்கறீங்க. எதைப் பாக்கணும்னு கேட்டா, அதுக்கும் 'பாருங்க'."

"ஆமா" என்றாள் ரெஜினா.

வேலை என்னவோ எளிதுதான். ரத்தத்தின் மேல் தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரைக் கூழ்போன்ற ஜெல் தகட்டின் ஒரு முனையில் துளியாக வைக்க வேண்டும். மின்சாரம் பாய்ச்சினால் புரதங்கள் ஓடும். அல்புமின் எல்லாவற்றையும் முந்திக்கொண்டு போய்த் தடித்த பட்டையாக நிற்கும். மற்றவை பின்னால் மெல்லிய பட்டைகளாக வரும்.

அந்தப் பின்பட்டைகளுக்கு நடுவே ஊசியால் கீறினாற்போல ஒரு கோடு தனியாக நின்றால், எலும்பு மஜ்ஜையில் புற்றுநோய் இருக்கலாம்.

அன்று காலை வைரவன் அந்தக் கோட்டைக் கண்டார்.

"கிடைச்சிருச்சு மேடம்."

பேச்சித்தாய் என்று தகட்டில் எழுதியிருந்தது. பீடி சுற்றுகிற பெண். முதுகுவலி என்று மேல்மாடி வார்டில் சேர்ந்திருந்தாள்.

ரெஜினா தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கீழே வைத்தாள்.

"திரும்ப ஓட்டுங்க."

ஒரு தடவை ஓட்டிச் சாயமேற்றி எடுக்க ஒன்றரை மணி நேரம். வைரவன் ஓட்டினார். அதே கோடு.

"திரும்ப."

"அதே ரத்தம் மேடம். அதே கோடுதான் வரும்."

"அப்ப ஓட்டறதுக்கு என்ன?"

மூன்றாவது தகடு ஓடிக்கொண்டிருக்கும்போது வார்டிலிருந்து டாக்டர் போன் செய்தார். வைரவன் பேசிவிட்டு வைத்தார்.

"நாலு மணிக்கு அந்தம்மா எலும்புல ஊசி போட்டு மஜ்ஜை எடுக்கப் போறாராம். ரிப்போர்ட் கேக்கறார். வீட்டுக்காரர் அழுதுக்கிட்டே இருக்காராம்."

ரெஜினா திரும்பினாள். "அவர் ஏன் அழறார்?"

"காலையிலேயே டாக்டர்கிட்ட போன்ல சொல்லிட்டேன். கோடு இருக்குன்னு."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையை மேசைமேல் நீட்டினாள்.

"எடுங்க."

"என்ன எடுக்க?"

"என் ரத்தத்தை. அந்தம்மாவுக்கு எடுத்த மாதிரிக் குழாயிலயே எடுங்க."

வைரவனுக்கு எரிச்சல் தலைக்கேறியது. நேரமோ ஓடுகிறது. மேலே ஒரு குடும்பம் தவிக்கிறது. இவளோ விளையாடுகிறாள். இருந்தாலும் ஊதா மூடி போட்ட குழாயை எடுத்தார். ரத்தம் உறையாமலிருக்க மருந்து தடவிய குழாய் அது. ரத்தம் எடுத்தார், சுழற்றினார், மேல்நீரைப் பிரித்தார். பேச்சித்தாயின் துளிக்குப் பக்கத்திலேயே ரெஜினாவின் துளியையும் வைத்து ஓட்டினார்.

மூன்றேகால் மணிக்குத் தகடு வந்தது.

ரெஜினாவின் வரிசையிலும் அதே கோடு.

வைரவன் தகட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "மேடம், உங்களுக்கும்..."

"எழுதுங்க. எனக்கும் புற்றுநோய்னு எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

அவர் எழுதவில்லை. ஊதா மூடிக் குழாயை எடுத்துச் சாய்த்தார். ரத்தம் தண்ணீராக ஓடியது. பதினேழு வருஷமும் உறையாத ரத்தத்தில்தான் சர்க்கரை பார்த்திருக்கிறார். அங்கே அதுதான் முறை. அன்று காலை பழைய பழக்கத்தில் பேச்சித்தாய்க்கும் அதே குழாயில் எடுத்திருந்தார்.

"ரத்தத்தை உறையவைக்கிறதும் ஒரு புரதம்தானே" என்றார் மெதுவாக. "உறைஞ்சா அது கட்டியோட போயிரும். இது உறையவே இல்ல. அதான் கோடா நிக்குது."

ரெஜினா போனை அவர் பக்கம் தள்ளினாள்.

அவர் டாக்டரைக் கூப்பிட்டார். தப்பு தன்னுடையது என்று சொன்னார். ஊசியை நிறுத்தச் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த வசவு முழுவதையும் வாங்கிக்கொண்டு போனை வைத்தார். நெற்றியைத் துடைத்தார்.

"நல்லவேளை. அந்தம்மாவுக்கு ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லையா?"

"கோடு பொய்னு ஆயிருச்சே மேடம்."

ரெஜினா மேசையிலிருந்த ஒரு துண்டுக் காகிதத்தைக் கிழித்தாள். தகட்டின் மேல் அதை வைத்து, இரண்டு வரிசையிலும் இருந்த கோட்டை மறைத்தாள்.

"பாருங்க."

வைரவன் குனிந்தார்.

முன்னால், அல்புமின் நிற்க வேண்டிய இடத்தில், ரெஜினாவின் பட்டை மை அப்பியதுபோல அடர்ந்திருந்தது. பேச்சித்தாயின் பட்டை ஈரத்துணியால் துடைத்ததுபோல வெளுத்திருந்தது.

அதற்கு முன் ஓட்டிய தகடுகளையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் வைத்தார். மூன்றிலும் வெளுப்பு.

"இவ்வளவு அல்புமினும் எங்க போச்சு?"

"என்னைக் கேட்டா?" என்றாள் ரெஜினா. "இங்க இருக்கறது தகடு. ஆள் மாடியில இருக்கு."

வைரவன் ரத்தத்தை உறையவிடும் சிவப்பு மூடிக் குழாய் ஒன்றை எடுத்துக்கொண்டு படியேறினார்.

பேச்சித்தாய் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஆள் வந்த அரவம் கேட்டதும் திரும்பாமலேயே கையை நீட்டினாள். கட்டில் ஓரத்தில் புருஷன் நின்றான்.

"இன்னிக்கு எலும்புல ஊசி இல்லம்மா. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

புருஷன் அவரையே பார்த்தான். அவள் கை நீட்டியபடியே இருந்தது.

வைரவன் நரம்பைத் தேடவில்லை. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"உங்களுக்கு என்னம்மா செய்யுது?"

அவள் திரும்பினாள். முகம் உப்பியிருந்தது. கேலி செய்கிறாரா என்று பார்ப்பவளைப் போல அவரைப் பார்த்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கினாள்.

இரண்டு காலும் வீங்கியிருந்தன. மெட்டி சதைக்குள் புதைந்திருந்தது.

வைரவன் கட்டைவிரலால் முழங்காலுக்குக் கீழே அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது. மேலே எழும்பவில்லை.

"ஒண்ணுக்குப் போனா நுரைக்குதா?"

"சோப்புத் தண்ணி கணக்கா."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு மாசமா."

அல்புமின் சிறுநீரோடு போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. "கிட்னி" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அப்புறம் புருஷனைப் பார்த்து, "டாக்டரை இப்பவே கூட்டிட்டு வர்றேன்" என்றார்.

அவர் எழுந்தார். குழி இன்னும் அப்படியே இருந்தது.

"இத்தனை ஊசி குத்தி, அழவெச்சு, அப்புறம்தான் இதைக் கேக்கணுமா சார்?" என்றாள் பேச்சித்தாய். "காலையிலயே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."